பதினேழு நிமிட வெளிச்சம்

வெளிவாசல் விளக்குக்கு சென்சார் வாங்க வருகிறவர்கள் எல்லோரும் முதலில் வாரண்டி எத்தனை வருடம் என்றுதான் கேட்பார்கள். எந்தத் திசையைப் பார்த்து மாட்டுவது என்று கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். போடியில் முப்பத்தொரு வருடமாக எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறேன். அப்படிக் கேட்டவர்கள் நாலு பேர் இருந்தால் அதிகம்.

சென்சார் என்றால் பெரிய சமாச்சாரம் ஒன்றுமில்லை, மேடம். தீப்பெட்டி அளவில் ஒரு டப்பி, அதன் முகத்தில் ஒரு கண். இருட்டினால் விளக்கைப் போடும், விடிந்தால் அணைக்கும். ஆனால் எது இருட்டு, எது விடியல் என்பதில் ஒவ்வொரு டப்பியும் ஒவ்வொரு மாதிரி. ஒன்று கீழ்வானம் லேசாக வெளுத்தாலே விடிந்துவிட்டது என்று சொல்லிவிடும். இன்னொன்று வெயில் முகத்தில் அடித்தால்தான் ஒப்புக்கொள்ளும். எங்கள் பக்கம் இது இன்னும் சிக்கல். மேற்கே மலை மறைப்பதால் மலையடியில் ஐந்து மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். போடிமெட்டில் மேகம் இறங்கினால் மத்தியானம் இரண்டு மணிக்கே விளக்கு எரியும். அதனால் எந்த இடம், பக்கத்தில் மரம் நிற்கிறதா, ஜீப்பு வெளிச்சம் மேலே அடிக்குமா என்று கேட்காமல் நான் யாருக்கும் சென்சார் கொடுத்ததில்லை. கையில் கிடைத்ததைத் தலையில் கட்டி அனுப்புகிற கடை இல்லை என்னுடையது.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், நேற்று என்னைச் சாட்சியாக ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு உட்காரவைத்து, மின் ஆய்வு அறிக்கையை வாசித்துக் காட்டினீர்கள். அதில் 'சென்சார் சுவிட்சுகளைத் தேர்ந்தெடுத்ததில் ஏற்பட்ட அறியாமையும் கவனக்குறைவும்' என்று ஒரு வரி இருந்தது. வீட்டுக்குப் போன பிறகும் அந்த வரி என்னை விடவில்லை. அறியாமை. அந்தச் சொல்லை என் தொழிலில் என்னைப் பார்த்து யாரும் சொன்னதில்லை. அதனால்தான் இன்று காலை நானே வந்தேன். நீங்கள் காகிதமும் பேனாவும் கொடுத்து, உங்கள் கையாலேயே எழுதுங்கள் என்றீர்கள். எழுதுகிறேன். என் பெயர் தங்கபாண்டியன், வயது ஐம்பத்தெட்டு.

தேவாரம் போகிற ரோட்டில், மலையடியில் என் மாந்தோப்பு இருக்கிறது. ஏழு வருடமாக நானும் என் மனைவி ஞானபாக்கியமும் தோப்புக்குள் கட்டிய வீட்டில்தான் குடியிருக்கிறோம். தோப்புக்குப் பின்னால் ஒரு காலனி, முப்பது நாற்பது வீடுகள். அங்கே பெண்கள் பெரும்பாலும் மலைக்குப் போகிறவர்கள், ஏலத்தோட்டத்தில் காய் எடுக்க. காலையில் ஆறே காலுக்கு ரோட்டில் ஜீப்பு வரும். ஆள் ஏறுகிற நேரம்தான் நிற்கும். விட்டால் அன்றைய சோலி போச்சு. காலனியிலிருந்து ஓடையைச் சுற்றிக்கொண்டு ரோட்டுக்கு வர முக்கால் மணி நேரம் ஆகும். என் தோப்புக்குள் புகுந்து வந்தால் எட்டே நிமிடம்.

அந்த வழியை நான்தான் கொடுத்தேன். எனக்கு முன்னால் தோப்பை வைத்திருந்தவர் முள்ளை வெட்டிப் போட்டு அடைத்து வைத்திருந்தார். நான் வாங்கிய முதல் வாரமே முள்ளை அள்ளச் சொன்னேன். அன்றைக்குச் சந்திரவல்லி வந்து கையெடுத்துக் கும்பிட்டாள். காய் எடுக்கும் பெண்களுக்கு அவள்தான் முன்னால் நிற்கிறவள். புருஷன் இல்லை, ஒரே மகள் சுகன்யா. "எங்களுக்குக் கொலசாமி மாதிரிண்ணே நீங்க" என்றாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைப்பதற்கில்லை. அந்தப் பெண் சுகன்யா பத்தாவது பாஸ் பண்ணியபோது நான் கடையிலிருந்து ஒரு சார்ஜ் விளக்கு எடுத்துக் கொடுத்தேன். கரண்டு போனால் அதை வைத்துத்தான் படிப்பாளாம். நர்சிங் காலேஜில் இடம் கிடைத்ததும் முதலில் என்னிடம்தான் வந்து சொன்னாள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் யானை இறங்கியது. ஒரே ராத்திரியில் பதினாலு மரத்தைச் சாய்த்துவிட்டுப் போனது. அதற்குப் பிறகு தோப்பைச் சுற்றி மின்வேலி போட்டேன். பேட்டரியில் ஓடுகிற வேலிதான். தொட்டால் உதறிவிடும், உயிருக்கு ஒன்றும் ஆகாது. பாதை குறுக்கே வரும் இடத்தில் மட்டும் கம்பியைக் கொக்கியில் மாட்டி, கழற்ற ரப்பர் கைப்பிடி வைத்தோம். பக்கத்தில் ஒரு கம்பம், அதில் ஒரு விளக்கு. விளக்கும் வேலியும் ஒரே சென்சாரில் ஓடும்படி செய்தது என் யோசனை. வேலையைச் செய்தது சோலைமலை. என் கடையில் பதினாலு வருடமாக வயரிங் வேலை பார்க்கிறவன். இப்போது நீங்கள் உள்ளே வைத்திருக்கிறீர்களே, அவன்தான்.

வேலி போட்ட அன்று சாயந்திரம் காலனி ஆட்களை எல்லாம் கூப்பிட்டு விளக்குக் கம்பத்தின் கீழே நிற்கவைத்துச் சொன்னேன்.

"நல்லாக் கேட்டுக்கங்க. லைட்டு எரிஞ்சா கம்பியத் தொடாதீங்க. லைட்டு அணைஞ்சா கம்பியில கரண்டு இல்லன்னு அர்த்தம். கழத்தி ஓரமா மாட்டிட்டுப் போங்க. கடைசியா வர்ற ஆளு திரும்ப மாட்டிருங்க."

அதற்குப் பிறகு அவர்கள் மணி பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். விடியுமுன் இருபது பெண்கள் வந்து அந்த விளக்கின் கீழே நிற்பார்கள். சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டை, தலையில் துண்டு, கையில் தூக்குவாளி. விளக்கு அணைந்ததும் சந்திரவல்லி, "அணைஞ்சிருச்சுத்தா, வெரசா வாங்க" என்று சொல்லிக்கொண்டே கம்பியைக் கழற்றுவாள். நான் வாசலில் நாற்காலி போட்டுக் காப்பி குடித்துக்கொண்டு பார்ப்பேன். இருபது பேர் நம் விளக்கு அணைவதற்காகக் காத்து நிற்பதைப் பார்ப்பது மனதுக்கு நன்றாக இருக்கும். வீட்டுக்குள் வேறு வேலை இருந்தாலும் அந்த நேரத்துக்கு வெளியே வந்துவிடுவேன்.

போன ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்திரவல்லி வீட்டுக்கு வந்தாள். கையில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு காகிதம். படியில் உட்கார்ந்து அதை என் முன்னால் விரித்தாள்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. பாப்பா தாலுகா ஆபீசுல எழுதிக் கேட்டு வாங்கியாந்துச்சு. இந்தா, புள்ளி புள்ளியாப் போகுதுல்ல, இது பாதையாம். அந்தக் காலத்து மேப்புலயே இருக்காம்."

"அதுக்கென்னத்தா இப்ப? நான் வழிய மறிச்சேனா?"

"அய்யோ, இல்லண்ணே. நீங்க இத்தன வருசம் விட்டீங்க, அத நாங்க மறக்க மாட்டோம். ஆனா இனி யாரும் எங்களுக்கு விட வேணாம்ல? எங்க வழிதான. நாளைக்கு உங்களுக்கப்புறம் யாரு வந்தாலும் மறிக்க முடியாதுன்னு பாப்பா சொல்லுச்சு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவள் முகத்தில் வம்பு எதுவும் இல்லை. நல்ல செய்தி ஒன்றை வேண்டியவரிடம் வந்து சொல்கிற மாதிரிச் சொன்னாள். ஞானபாக்கியம் அவளுக்கென்று வைத்திருக்கும் டம்ளரில் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். அதைக் குடித்துவிட்டு, கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள்.

எனக்குச் சுருக்கென்றது. ஏழு வருடமாக நான் ஒன்றைக் கொடுத்து வந்தேன். அது என்னுடையதே இல்லை என்று ஒரு காகிதத்தைக் காட்டிவிட்டாள். அப்படியானால் நான் கொடுத்தது என்ன? கும்பிட்ட கும்பிடு எதற்கு? ஞானபாக்கியத்திடம் சொன்னேன். "விடுங்க, நடந்துட்டுப் போறாங்க, நமக்கென்ன கொறஞ்சு போச்சு?" என்றாள். அவளுக்கு இதெல்லாம் புரியாது. நல்லவள்.

அதற்குப் பிறகும் அவர்கள் பேச்சில் மரியாதை குறையவில்லை. பார்த்தால் சிரிப்பார்கள். ஆனால் ஒரு வித்தியாசம் வந்துவிட்டது. புரட்டாசியில் சந்திரவல்லி வேலிக்கு அந்தப் பக்கம் நின்றபடியே, "அண்ணே, கைப்பிடி ரப்பரு வெடிச்சுப்போச்சு, வேற மாத்தி விடுங்க" என்று சத்தம் கொடுத்தாள். முன்பெல்லாம் தயங்கித் தயங்கிக் கேட்பாள். இப்போது பஞ்சாயத்தில் குழாயைச் சரிபண்ணச் சொல்கிற மாதிரிக் கேட்டாள். ஒரு வாரம் கழித்துத் திரும்பவும் சொன்னாள். மறந்துவிட்டேன் என்றேன். மறக்கவில்லை. அந்தக் கைப்பிடி என் கடையில் மூன்றாவது தட்டில் ஒரு பெட்டி நிறைய இருக்கிறது.

சுவிட்சுகளை ஐப்பசியில் தேர்ந்தெடுத்தேன். அறிக்கை எழுதிய அந்த என்ஜினியர் இந்த இடத்தைக் கவனித்துப் படிக்க வேண்டும். கடையில் இருந்த சென்சார்களில் ஆறு வகையை எடுத்துவந்து, மாடியில் வரிசையாக ஒவ்வொரு குண்டு பல்பு கோத்து வைத்தேன். பதினோரு நாள் காலையில் எழுந்து, எது எப்போது அணைகிறது என்று காலண்டர் தாளின் பின்பக்கத்தில் குறித்தேன். மழை மூட்டமான நாளுக்கு வேறு, தெளிந்த நாளுக்கு வேறு. ஞானபாக்கியம், "யாவாரத்துக்குப் புதுச் சரக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். முப்பத்தொரு வருடத்தில் ஒரு சாமானை இவ்வளவு பொறுமையாகச் சோதித்தது அதுதான் முதல் தடவை. உண்மையில் அந்தக் காலைகள் இதமாக இருந்தன. மலை மேல் வெளிச்சம் எப்படி இறங்குகிறது என்பதை அதற்கு முன்னால் நான் சரியாகப் பார்த்ததே இல்லை.

ஆறில் இரண்டை எடுத்துக்கொண்டேன். சீக்கிரம் அணைவதை விளக்குக்கு வைத்தேன், கிழக்கைப் பார்த்து. தாமதமாக அணைவதை வேலிக்கு வைத்தேன், மாமரக் கிளைக்குக் கீழே, மலையைப் பார்த்து. அதாவது, மூன்று வருடமாக ஒரே சென்சாரில் ஓடிய விளக்கையும் வேலியையும் நான் பிரித்தேன். விளக்கு அணைந்த பிறகும் வேலியில் கரண்டு இருக்கும். தெளிந்த நாளில் பதினேழு நிமிடம், மூட்டமான நாளில் இருபத்தாறு. இதற்குக் கவனக்குறைவு என்று பெயரா, மேடம்? மோட்டார் ரூமிலிருந்த பேட்டரிப் பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு, வீட்டுக் கரண்டை நேராக வேலிக்குக் கொடுத்ததும் நான்தான். சோலைமலையை அந்த வாரம் மாமியார் வீட்டுக்குப் போய்வா என்று அனுப்பிவிட்டேன். அவன் கெட்டிக்காரன், பார்த்தால் கண்டுபிடித்துவிடுவான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. நீங்கள் அவனைப் பிடித்தபோது நான் பேசாமல் இருந்தது, வயரிங் அவன் கையால் ஆனதுதானே என்பதால். அவன் சம்சாரம் வந்து கடை வாசலில் அழுதாள். கடையில் இருந்தவர்கள் பார்க்கும்படி, வக்கீல் வைக்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். வைத்தும் விட்டேன்.

யாரையும் குறிவைத்துச் செய்யவில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும். முதலில் கம்பியைக் கழற்றுவது சந்திரவல்லி, அதனால் சந்திரவல்லி. வேறு ஒருத்தி முன்னால் நிற்கிற வழக்கம் இருந்திருந்தால் வேறு ஒருத்தி. ஒருவர் போய்விட்டால் மற்றவர்கள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார்கள் என்று நினைத்தேன். மேப்பில் பாதை இருக்கும், நடக்க ஆள் இருக்காது. பிறகு நானே நல்ல மனதோடு வேலியை எடுத்துவிட்டு, பயப்படாமல் வாருங்கள் என்று கூப்பிடலாம் என்றும் ஒரு எண்ணம் இருந்தது.

கார்த்திகையில் ஒரு செவ்வாய்க்கிழமை. எல்லாவற்றையும் மாற்றி மாட்டியது அதற்கு முந்தின நாள்தான். வானம் தெளிவாக இருந்தது. நான் மோட்டார் ரூம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். மெயின் சுவிட்ச் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பாதையில் ஆட்கள் வந்து விளக்கின் கீழே நின்றார்கள். அன்றைக்குச் சுகன்யாவும் வந்திருந்தாள். காலேஜ் லீவாம், ஒரு வாரம் அம்மாவோடு காய் எடுக்க மலைக்குப் போகிறாள். பச்சைக் கட்டம் போட்ட சட்டை, அவளுக்குத் தொளதொளவென்று இருந்தது. தலையில் துண்டைக் கட்டத் தெரியாமல் கட்டியிருந்தாள். என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள். நானும் ஆட்டினேன்.

விளக்கு அணைந்தது. சந்திரவல்லி வழக்கம்போல் முன்னால் வந்திருக்க வேண்டும். அவள் தூக்குவாளி மூடி கழன்று விழுந்து உருண்டுவிட்டது. குனிந்து தேடிக்கொண்டே, "பாப்பா, அணைஞ்சிருச்சு, நீ போய்க் கம்பியக் கழத்து, ஜீப்பு வந்துரும்" என்றாள்.

கம்பத்திலிருந்து கொக்கிக்குப் பதினோரு எட்டு நடக்க வேண்டும். மெயின் சுவிட்ச் எனக்குப் பக்கத்தில்தான் இருந்தது. ஒரு சத்தம் கொடுத்திருந்தாலே போதும் என்று நேற்று நீங்கள் ஏதோ பேச்சில் சொன்னீர்கள். சரிதான். ஆனால் மேப்பை எழுதிக் கேட்டு வாங்கிவந்தது அவள்தானே என்றெல்லாம் அந்த நேரத்தில் நான் நினைக்கவில்லை. அதற்கு எங்கே நேரம்? இரண்டாவது எட்டில் அவள் செருப்பு வார் நழுவியது. நின்று, குனிந்து, சரிசெய்துகொண்டாள். ஆறாவது எட்டில் திரும்பி அம்மாவிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள். நான் காப்பியில் ஒரு வாய் குடித்தேன். சூடு ஆறவில்லை. பிறகு அவள் வெடித்துப்போன கைப்பிடியைப் பிடித்தாள்.

சத்தமே வரவில்லை. ஆட்கள் நினைப்பதுபோல் இல்லை அது.

சந்திரவல்லி பார்த்துவிட்டு ஓடினாள். மகளைத் தொடக் கையை நீட்டினாள். அப்போது நான் எழுந்து மெயினை அணைத்தேன். ஒருவர் போதும் என்று தோன்றியது. தொட்டிருந்தால் அவளும் அங்கேயே போயிருப்பாள். அந்த அறிக்கையில் இவ்வளவு எழுதியிருக்கிறார்கள், ஒரு உயிரைக் காப்பாற்றியதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அவளுக்கு அது தெரியும். எடுப்பு, அடக்கம் எல்லாம் முடிந்து நான் துக்கம் விசாரிக்கப் போனபோது என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "நீங்க மட்டும் ஓடிப்போயி மெயின அமத்தலேன்னா நானும் எம்புள்ளகூடப் போயிருப்பேண்ணே" என்று அழுதாள். அது நன்றியா, என்னையும் விட்டிருக்கலாமே என்ற ஆதங்கமா என்று எனக்குத் தெரியவில்லை. நன்றி என்றுதான் எடுத்துக்கொண்டேன். மேப்பைக் காட்டிய நாளுக்குப் பிறகு அவள் எனக்குக் கடமைப்பட்டவளாகப் பேசியது அன்றைக்குத்தான். எனக்குக் கண் கலங்கியது. வீட்டுக்குள் அந்தச் சார்ஜ் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, படத்துக்கு முன்னால்.

என் கணக்கு ஒன்றே ஒன்றில்தான் தப்பியது. பயந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே நடந்தார்கள். காலனி ஆம்பளைகளும் கூட வந்தார்கள். சந்திரவல்லிதான் முன்னால். கொக்கி இருந்த இடம் வந்ததும் ஒரு நிமிடம் நின்றாள். பிறகு ஜீப்புக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு நடந்தாள். வாசலில் உட்கார்ந்திருந்த என்னை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வேலியைத்தான் நீங்கள் பிரித்துக்கொண்டு போய்விட்டீர்களே, காத்து நிற்க அவர்களுக்கு வேலையும் இல்லை.

எழுத வேண்டியதை எழுதிவிட்டேன். விளக்கையும் வேலியையும் பிரித்தது நான். கரண்டை நேராகக் கொடுத்தது நான். சுகன்யா நடந்து வருவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்ததும் நான். அந்தப் பதினேழு நிமிடம் அறியாமையால் வந்தது இல்லை. அந்த வரியை அறிக்கையிலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள்.

இன்னொன்று. போன வாரம் பஞ்சாயத்தில் அந்தப் பாதைக்குப் புதிதாக விளக்கு போட்டிருக்கிறார்கள். சுகன்யா பெயரில் ஒரு தகரப் பலகையும் வைத்திருக்கிறார்கள். விளக்குக்கு மாட்டியிருக்கும் சென்சார் சுத்த மோசம், அதையும் ரோட்டைப் பார்த்து மாட்டியிருக்கிறார்கள். ஜீப்பு வெளிச்சம் பட்டால் விடிந்துவிட்டது என்று நினைத்து அணைந்துவிடுகிறது. திரும்ப எரிய நேரமாகிறது. அதுவரை அந்தப் பெண்கள் இருட்டில் தடவித் தடவி நடக்கிறார்கள். யாருக்காவது அடிபட்டுவிடப் போகிறது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், நல்லதாக ஒன்றை நானே கொடுத்திருப்பேன்.